வெளிச்சம் எந்தப் பக்கம்? – வாசகர் கேள்வி பதில்

செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருப்பவனிடம் கல்யாண ஆல்பம் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலை, மழை, நிலா, நட்சத்திரம் பற்றியவை. எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

*

ஆடி மாதம் குடும்பத்தோடு சுந்தரபாண்டியபுரம் வந்தோம், சூரியகாந்தித் தோட்டத்தில் படம் எடுக்க. சாயங்காலம் ஐந்து மணி. பின்னால் மலை அழகாக இருந்தது. ஆனால் படத்தில் பூவெல்லாம் கறுத்துப் போய்விட்டது. சூரியகாந்தி சூரியன் பக்கம் திரும்பும் என்றுதானே சொல்கிறார்கள்?
– மளிகைக் கடை நடத்தும் வாசகர், கொல்லம்

மொட்டாக இருக்கும்வரை திரும்பும். காலையில் கிழக்கே, சாயங்காலம் மேற்கே, ராத்திரியில் மறுபடி கிழக்கே. பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் அதிகமாக வளரும், ராத்திரியில் மேற்குப் பக்கம் வளரும்; அந்த வளர்ச்சிதான் தலையைத் திருப்புகிறது. பூ முழுசாக விரிந்து தண்டின் வளர்ச்சி நின்றுவிட்டால் அப்புறம் திரும்பாது. கிழக்கைப் பார்த்தபடியே நின்றுவிடும். காலை வெயிலில் பூ சீக்கிரம் சூடேறும், சூடேறிய பூவுக்குத் தேனீ நிறைய வரும். செடிக்கு அதில் லாபம்.

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். மலை மேற்கே. பூவின் முகமும் மலையும் சேர்ந்து விழ வேண்டும் என்று தோட்டத்துக்குக் கிழக்கே நின்று மேற்கே பார்த்து எடுத்திருக்கிறீர்கள். நின்ற இடம் சரிதான், நேரம்தான் மாறிப்போனது. ஐந்து மணிக்குச் சூரியன் மலைக்கு மேலே, பூவுக்குப் பின்னால். பூவின் முதுகில் வெயில், முகத்தில் நிழல். அதே இடத்தில் காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் நின்று பாருங்கள். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும், பூவின் முகத்தில் நேராக விழும், பின்னால் மலை முழுசாகத் தெரியும். கொல்லத்திலிருந்து முந்தின நாளே வந்து தென்காசியில் தங்கினால்தான் இது நடக்கும். இந்தப் படத்துக்காக ஒரு ராத்திரி தங்கலாம், தப்பில்லை.

மலை உச்சியில் ஒரு வெள்ளை மேகக் கரை படுத்திருந்ததா? அது அந்த மாதத்தின் அடையாளம். தென்மேற்குக் காற்று உங்கள் பக்கம் மலையேறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. எங்கள் பக்கம் இறங்கும்போது சூடாகி மேகம் கரைந்துபோகிறது. கரைகிற அந்த எல்லைதான் கோடு போட்டது மாதிரி தெரிகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைகிற மிச்சம்தான் எங்களுக்குச் சாரல். ஆகவே மேலே மேகம், கீழே வெயில், நடுவே மஞ்சள் என்று ஒரே சட்டத்துக்குள் மூன்றும் கிடைக்கிற மாதங்கள் ஆனி, ஆடி இரண்டும்தான். ஆடிக்காற்றில் பூ ஆடும். ஷட்டர் வேகம் 1/500 அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

ஒரு பூவையாவது கிட்டப் போய்ப் பாருங்கள். நடுவட்டத்தில் இருப்பவை விதைகள் அல்ல, நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள். வெளி விளிம்பில் இருப்பவை முதலில் விரியும். நாளாக நாளாக அந்த மகரந்த வளையம் உள்ளே நகர்ந்துகொண்டே போகும். வளையம் பாதி தூரத்தில் இருக்கும் பூ படத்துக்கு நன்றாக இருக்கும். நடுவரை போய்விட்டால் கொஞ்ச நாளில் தலை கவிழ்ந்துவிடும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். அது பார்க் கிடையாது, ஒருவருடைய பிழைப்பு. வயலுக்குள் கால் வைக்கும் முன் அதில் விவசாயம் செய்யும் சம்சாரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பணம் கேட்டால் கொடுங்கள். செல்ஃபிக்காகப் பூவைத் திருகிப் பறிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

*

தீபாவளி ராத்திரியில் விண்வெளியிலிருந்து எடுத்த இந்தியா என்று வருடா வருடம் ஒரு படம் வாட்ஸாப்பில் வருகிறது. நாசா எடுத்ததாமே?
– வாசகி, புளியரை

இல்லை அம்மா. அது ஒரே ராத்திரியில் எடுத்த படமே அல்ல. அமெரிக்க ராணுவத்தின் வானிலைச் செயற்கைக்கோள்கள் பல வருடங்களில் பதிவு செய்த இரவு வெளிச்சத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த வரைபடம். 1992க்கு முன்பே இருந்த விளக்குகள் வெள்ளை, 1992இல் தெரிந்தவை நீலம், 1998இல் பச்சை, 2003இல் சிவப்பு. எந்த ஊர் எப்போது வளர்ந்தது என்று காட்டத்தான் அந்த நிறங்கள். பட்டாசு வெளிச்சம் ஊர் விளக்குகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அங்கிருந்து பார்த்தால் தீபாவளியும் மற்ற நாளும் ஏறக்குறைய ஒன்றுதான். உண்மையான பொருள் தெரிந்தால் அந்தப் படம் இன்னும் நன்றாக இருக்கிறது. அதனால் அடுத்த முறை வந்தால் இந்த விளக்கத்தோடு அனுப்புங்கள்.

வடதுருவத்தில் ராட்சச நிலாவும் அதன் கீழே சின்னச் சூரியனும் தெரிகிற படமும் அப்படித்தான், அது கம்ப்யூட்டரில் வரைந்தது. பூமியில் எங்கே நின்று பார்த்தாலும் நிலாவும் சூரியனும் ஏறக்குறைய ஒரே அளவு, அரை டிகிரி. அதனால்தானே கிரகணத்தில் நிலாவால் சூரியனைச் சரியாக மறைக்க முடிகிறது?

*

சாரல் காலத்தில் வானவில் எங்களுக்குக் காலையில்தான் தெரிகிறது. புனலூரில் இருக்கும் அத்தை சாயங்காலம்தான் பார்ப்பேன் என்கிறார்கள். ஒரே மலைதானே? இன்னொன்று, கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது போன் படத்தில் வெளிறிப்போகிறது.
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, பண்பொழி

நல்ல கண் உனக்கு, பாப்பா. நீயும் அத்தையும் சொல்வது இரண்டுமே சரி.

வானவில் தெரிய சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், மழை உன் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். பண்பொழியில் சாரல் மேற்கே மலையிலிருந்து வருகிறது. ஆகவே சூரியன் கிழக்கே இருக்கும் காலையில்தான் உனக்கு வில். அத்தைக்கு மலை கிழக்கே. சூரியன் மேற்கே சாய்ந்த பிறகு மலைப்பக்கத்து மழையில் வில் விழும். உன் தலையின் நிழல் எங்கே விழுகிறதோ அதுதான் வில்லின் மையம். அங்கிருந்து சிவப்பு விளிம்பு 42 டிகிரி. சூரியன் 42 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டால் வில் முழுவதும் தரைக்குக் கீழே போய்விடும். ஆனி, ஆடியில் உன் ஊரில் அது காலை ஒன்பது மணிவாக்கில். அதற்குள் எடுத்தால்தான் உண்டு. காலை வெயிலில் குற்றாலம் அருவித் தூறலில் தெரிகிற சின்ன வில்லுக்கும் இதே கணக்குதான்.

வில்லுக்கு உள்பக்கம் வெளிச்சமாகவும் வெளிப்பக்கம் இருட்டாகவும் இருப்பதைக் கவனி. அந்த இருட்டுப் பட்டையைத் தாண்டி 51 டிகிரியில் மங்கலாக இன்னொரு வில் இருக்கும். அதில் நிறங்கள் தலைகீழ், சிவப்பு உள்ளே. துளிக்குள் வெளிச்சம் இரண்டு தடவை திரும்புவதால் அப்படி.

போனில் வெளிறுவதற்குக் காரணம், போன் மொத்தப் படத்துக்கும் சேர்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. வில்லுக்குப் பின்னால் இருக்கும் கறுத்த மேகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடி, அது பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கீழே இழு. முழு வில்லும் வேண்டுமென்றால் போனில் 0.5 என்று காட்டும் அகல லென்ஸ்; அரைவட்டம் 84 டிகிரி அகலம், சாதாரண லென்ஸில் அடங்காது. கேமராவில் போலரைசர் (ஒளியை வடிகட்டும் கண்ணாடி) மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதை ஒரு பக்கம் திருப்பினால் வில் பளிச்சிடும், இன்னொரு பக்கம் திருப்பினால் அப்படியே காணாமல் போகும்.

*

நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் மழை வரும் என்று எங்கள் ஆத்தா சொல்லும். உண்மையா? அதைப் படம் எடுக்க முடியுமா?
– தோட்டத் தொழிலாளி, அம்பநாடு எஸ்டேட்

பாதி உண்மை. அந்தப் பெரிய வட்டம் ரொம்ப உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகத்தின் பனிப் படிகங்களால் வருவது. நிலாவிலிருந்து வட்டம் வரை எப்போதும் 22 டிகிரி. கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும், அளந்து பாருங்கள். மழை மேகக் கூட்டம் வரும்போது அதற்கு முன்னால் இந்த உயர மேகம் வருவது உண்டு. அகல் வட்டம் பகல் மழை என்று பெரியவர்கள் சொன்னது அதைப் பார்த்துத்தான். ஆனால் உயர மேகம் வந்துவிட்டு மழை வராமலும் போகும். நிலாவை ஒட்டினாற்போல் சின்னதாக, நிறம் நிறமாகத் தெரியும் வளையம் வேறு. அது நீர்த்துளி மேகம்.

எடுக்க முடியும். நிலாவை லயத்துக் கூரை விளிம்பில் மறைத்துக்கொண்டு, போனைச் சுவரில் சாய்த்து, நைட் மோடில் எடுங்கள். நிலாவின் வெளிச்சம் மறைந்ததும் வட்டம் தனியாகத் தெரியும்.

*

நெபுலா (விண்வெளியில் இருக்கும் வாயு, தூசி மேகம்) படங்களில் வரும் நிறமெல்லாம் உண்மையா, போட்டோஷாப்பா? என் வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள். பொய் சொல்ல விருப்பமில்லை.
– தமிழ் ஆசிரியை, புனலூர்

டீச்சர், இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

1995 ஏப்ரல் 1 அன்று ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த படம் ஒன்று உண்டு. படைப்பின் தூண்கள் என்று பெயர். கழுகு நெபுலாவில், நம்மிடமிருந்து ஏறக்குறைய 6,500 ஒளியாண்டு தூரத்தில் நிற்கும் வாயு, தூசித் தூண்கள். உங்கள் வகுப்புச் சுவரிலும் இருக்கலாம். ஹப்பிளின் கேமரா பதிவது கறுப்பு வெள்ளைதான். கேமராவுக்குள் ஒவ்வொரு வடிகட்டியாக மாற்றித் தனித்தனியாக எடுப்பார்கள். ஒன்று கந்தகம் விடும் வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும், ஒன்று ஹைட்ரஜனுடையதை, மூன்றாவது ஆக்சிஜனுடையதை. பிறகு கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் கொடுத்து மூன்றையும் சேர்ப்பார்கள்.

ஹைட்ரஜன், கந்தகம் இரண்டின் வெளிச்சமும் உண்மையில் சிவப்பு. அப்படியே விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே நிறம் மாற்றியது உண்மை. ஆனால் படத்தில் பச்சையாக இருக்கும் இடத்தில் ஹைட்ரஜன் இருப்பதும் உண்மை. வரைபடத்தில் ஜில்லாவுக்கு ஒரு நிறம் கொடுக்கிறோமே, அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. பிள்ளைகளிடம் இதை இப்படியே சொல்லலாம்.

அந்தப் படத்தில் இரண்டு விஷயங்களைக் காட்டுங்கள். மேல் மூலையில் படிக்கட்டு மாதிரி ஒரு கறுப்பு வெட்டு இருக்கும். கேமராவில் நான்கு பகுதிகள். அதில் ஒன்று மட்டும் இன்னும் நெருக்கமாகப் பார்க்கிற மாதிரி அமைத்தது. மற்ற மூன்றின் அளவுக்கு அதைச் சுருக்கியதும் ஒரு மூலையில் இடம் காலியாகிவிட்டது. மறைத்து ஒட்டாமல் அப்படியே விட்டார்கள். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். இரண்டாவது, தூண்களின் உச்சிகள் மட்டும் ஏன் ஒளிர்கின்றன என்று கேளுங்கள். கொதிக்கும் இளம் நட்சத்திரங்கள் படத்துக்கு மேலே, சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. அங்கிருந்து வரும் வெளிச்சம் தூணின் தலையைச் சுட்டு ஆவியாக்குகிறது. சூரியகாந்தி ஆனாலும் நெபுலா ஆனாலும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டால் பாதிப் படம் புரிந்துவிடும்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்து 2022 அக்டோபரில் வெளியான அதே தூண்களின் படத்தை அருகில் வையுங்கள். வெப் பார்ப்பது அகச்சிவப்பு, நம் கண்ணுக்கே தெரியாதது. அதில் நீண்ட அலைகளுக்குச் சிவப்பு, குறுகிய அலைகளுக்கு நீலம் கொடுக்கிறார்கள். அகச்சிவப்பு தூசியைத் தாண்டி வருவதால், ஹப்பிளில் கறுப்புச் சுவராக இருந்த இடமெல்லாம் மெல்லிய திரை ஆகி, பின்னால் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும்.

*

ஐப்பசியில் சாயங்காலம் இடி மின்னலைப் படம் பிடிக்க ஆசை. திருமலைக்கோவில் மலை மேலிருந்து எடுத்தால் நன்றாக இருக்குமா?
– வாசகர், மேக்கரை

வேண்டாம் தம்பி. இதை அண்ணன் சொல்வதாக எடுத்துக்கொள். சுற்றுவட்டாரத்தில் எது உயரமோ அதைத்தான் மின்னல் தேடும். மலை உச்சி, மொட்டை மாடி, ஒற்றை மரம், திறந்த வயல் எதுவும் கூடாது. வீட்டுக்குள் ஜன்னல் வழியாகவோ, இரும்புக் கூரையுள்ள காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தோ எடு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடியை எண்ணு. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் வெளியே இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனபிறகுதான் வெளியே வரலாம்.

எடுக்கும் முறை சுலபம். ஸ்டாண்டில் கேமரா, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஃபோகஸ் கையால் தூரத்துக்கு, ஷட்டர் பத்துப் பதினைந்து விநாடி. இருட்டிய பிறகு தொடர்ந்து எடுத்துக்கொண்டே இரு. மின்னலைப் பார்த்துவிட்டு அழுத்தினால் கிடைக்காது, ஷட்டர் திறந்திருக்கும்போது அது தானாக வந்து விழ வேண்டும். போன் மட்டும் இருந்தால் வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு சட்டத்தைப் பிரித்துக்கொள். மாதம் சரியாகச் சொன்னாய். ஆனி ஆடிச் சாரலில் இடி குறைவு; சித்திரைக் கோடை மழையும் ஐப்பசியில் வரும் துலா மழையும்தான் இதற்கு.

*

பால்வெளியைப் படம் எடுக்க நம் பக்கத்தில் இடம் உண்டா?
– கல்லூரி மாணவர், அச்சன்புதூர்

உண்டு. வட நாட்டுக்காரர்களைவிட நமக்கு வசதி அதிகம். பால்வெளியின் மையம் தென்வானத்தில் இருக்கிறது. நாம் 9 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் அது நமக்கு 52 டிகிரி வரை ஏறும். சிக்கல் மேகம்தான். ஆனி முதல் ஆவணி வரை சாரல் மறைத்துவிடும். அதனால் மாசியில் விடியற்காலை நாலு மணிக்கு, பங்குனியில் ரெண்டு மணிக்கு மேல், சித்திரையில் நள்ளிரவில் தென்கிழக்கே பார். அமாவாசையை ஒட்டிய நாட்கள்தான் சரி. ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதால் தென்காசிக்குத் தெற்கே, சிவசைலம் பக்கத்து வயல்வெளி நல்லது. காட்டுக்குள் நுழையாதே, ராத்திரியில் அனுமதி கிடையாது. 20 எம்எம் லென்ஸ் என்றால் 25 விநாடி வரை திறக்கலாம், அதற்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாகிவிடும். சித்திரையில் பத்து மணிக்கே போய்விட்டால் நேர் தெற்கில் தெற்குச் சிலுவையையும் பார்த்துவிடலாம். டெல்லியில் அது அடிவானத்தை ஒட்டித்தான், இங்கே நன்றாக மேலே நிற்கும்.

*

இதுவரை எடுத்த படங்களிலேயே உங்களுக்குப் பெரியதாகத் தோன்றுவது எது?
– ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், தென்மலை

ஐயா, பலர் 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 விண்கலத்தில் இருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்ததைச் சொல்வார்கள். நிலாவின் சாம்பல் தரைக்கு மேல் பாதி பூமி எழும் படம். அவசரமாகக் கலர் ஃபிலிம் கேட்டு வாங்கிப் போட்டு எடுத்தார். மறுக்க மாட்டேன்.

என் ஓட்டு 1972 டிசம்பர் 7க்கு. அப்பல்லோ 17 நிலாவுக்குப் புறப்பட்ட சில மணி நேரத்தில், ஏறக்குறைய 29,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஹாஸல்பிளாட் கேமராவில் எடுத்த முழு பூமி. நீலக் கோலிக்குண்டு என்று உலகமே அறிந்த படம். மூன்று பேரில் யார் எடுத்தது என்று பிரிக்காமல் மூவர் பெயரிலும்தான் வைத்திருக்கிறார்கள். சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருந்ததால் ஒரு பக்கமும் இருட்டில்லாத முழு வட்டம். டிசம்பர் என்பதால் அண்டார்க்டிகா முழுக்க வெயில். ஃபிலிமில் தென்துருவம் மேலே இருந்தது. நம் வசதிக்குத் திருப்பி அச்சிட்டார்கள்.

எல்லோரும் ஆப்பிரிக்காவைப் பார்ப்பார்கள். நீங்கள் வலது மேல் ஓரத்தைப் பாருங்கள், ஒரு சுழல் மேகம் தெரியும். இரண்டு நாளைக்கு முன், டிசம்பர் 5 அன்று, தமிழ்நாட்டில் வெள்ளமும் பேய்க்காற்றுமாக அடித்துவிட்டுப் போன புயல் அது. கீழே நம் ஜனங்கள் வீட்டை இழந்து நின்ற அதே வாரத்தில், மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது வெண்மையான ஒரு சுழி. பூமியின் மிகப் பிரபலமான படத்தின் ஓரத்தில் நம்முடைய ஒரு புயல் பதிந்து கிடக்கிறது என்று நம் பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்ல வேண்டும்.

பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்றையும் சொல்கிறேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள், பழையவை கண்ணாடித் தகடுகளில். ஒரே பொருளை நூறு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய காரியம்!

*

அடுத்த கங்கண கிரகணம் எப்போது?
– வாசகர், ஆரியங்காவு

சூரியன் வளையமாகத் தெரியும் அந்தக் கிரகணம் நம் பக்கத்தில் 2031 மே 21. கேரளத்தையும் தமிழ்நாட்டின் தென்பகுதியையும் கடந்து போகிறது. கிரகணக் கண்ணாடி இல்லாமல் பார்க்காதீர்கள், லென்ஸுக்கும் சூரிய ஃபில்டர் மாட்டாமல் திருப்பாதீர்கள். எக்ஸ்ரே ஃபிலிமும் புகையடித்த கண்ணாடியும் பாதுகாப்பு இல்லை.